லோசிவாலே எழுதிய பக்கம்

லோசிவாலே தகர மூடியால் சேப்பங்கிழங்கின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வாய்க்கு ஐந்து பெரிய கிழங்கு. கிழங்கின் பால் பட்டு விரல்களெல்லாம் அரித்தன. மகன் விட்டுப்போன இரண்டு பேரன்களும் கிணற்றடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு பருவம் பழம் பறித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் அவன். போய் நான்கு வருஷமாகிறது.

மகள் தெலேசியா கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"அம்மா, ஆஸ்திரேலியா வேலைக்கு என் பேரு வந்துடுச்சு. திராட்சைத் தோட்டம். ஏழு மாசம். மீமாவை நீ பாத்துக்குவியா?"

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. தீவு முழுக்க மாலை ஜெபம். முடியும்வரை தெருவில் யாரும் நடக்கக் கூடாது. வீட்டுக்குள் ஜெபத்தைத் தவிர வேறு பேச்சும் கிடையாது. உடனே மறுக்க முடியாதபடி, சங்கு ஊதப்போகும் நேரமாகப் பார்த்து மகள் கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரி.

எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். சபையிலிருந்து வரும் குடும்ப வாசிப்புத் தாளை ஏழு வருஷமாக எழுதுகிறவள் லோசிவாலேதான். சோறு தீய்ந்த அன்று புருஷனிடம் எப்படிப் பேசுவது, கடைசி மீன் துண்டை யாருக்கு வைப்பது என்று நாளுக்கொரு பக்கம். மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்தால்தான் அச்சாகிக் கப்பலில் வந்து சேரும். அதனால் இன்றைக்கு எந்தப் பக்கம் என்று அவளுக்கே நினைவில்லை.

வாசிக்கும் முறை தெலேசியாவுடையது.

"கேட்குமுன் கொடு. உன் வீட்டு ஆளைக் கையேந்தி நிற்க வைக்காதே."

லோசிவாலேவுக்கு இப்போது நினைவு வந்துவிட்டது. பாய் கேட்டதற்கு மூன்று நாள் அலையவிட்ட நாத்தனாருக்கு உறைக்கட்டும் என்று எழுதிய பக்கம் அது. இந்நேரம் ஊர் முழுக்க அதைத்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள், நாத்தனார் வீட்டிலும்.

ஜெபம் முடிந்து மறுபடி சங்கு ஊதியது.

"நம்ம எழுத்தாளம்மா இன்னைக்கு வெளுத்து வாங்கிட்டாங்க!" என்று சிரித்தபடியே புருஷன் அலாபத்தி சாய்ந்து படுத்தான்.

"எழுதினது நீதானேம்மா? நீயே சொல்லு" என்றாள் தெலேசியா.

"எழுதினப்ப இடுப்பு இவ்வளவு வலிக்கலடி."

"சும்மா சொல்லாதே. உன் நாத்தனாருக்குன்னா ஒரு நியாயம், மகளுக்குன்னா ஒரு நியாயமா?"

அலாபத்தி சிரிப்பை அடக்க இருமினான். லோசிவாலே அரிக்கும் விரல்களைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே குழந்தையைப் பார்த்தாள். அது தாளின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"வச்சுக்கறேன்" என்றாள். "உங்க அண்ணனும் ஒரு பருவம்னு சொல்லித்தான் போனான். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏழு மாசம் முடிஞ்சதும் நெசமா வந்துடுவியா?"

தெலேசியா தாளைக் குழந்தையின் வாயிலிருந்து எடுத்து மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். மீமாவை அம்மாவின் மடியில் விட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், சுரண்டி முடித்த கிழங்குகளை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு சமையல் கொட்டகைப் பக்கம் படியிறங்கிப் போனாள்.