கணுக்கால் உயரத்தில்

கொரோனாக் காய்ச்சலில் என் கணவருக்கு வாசனை தெரியாமல் போனது. அது திரும்பி வரவேயில்லை. பால் தீய்ந்தாலும் தெரியாது, சாம்பார் ஊசிப்போனாலும் தெரியாது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நான் தென்காசியில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு வேலைக்குப் போவதால், மேலகரம் வீட்டில் சமையல் அவர் பாடு. மூக்கில்லாத மனிதரையும் கேஸ் அடுப்பையும் ஒரே அறையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறும்போதெல்லாம் வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு போவேன்.

அதற்காகத்தான் கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு கருவியை நானே செய்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். அந்தப் படிப்பு சோறு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியமாக மட்டும் ஒட்டிக்கொண்டது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அதனால் சென்சார் போர்டை சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரில், கணுக்கால் உயரத்தில் திருகி வைத்தேன். மாதக்கணக்கில் அது வாயைத் திறக்கவில்லை.

பிறகு சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஊருக்கே சந்தோஷம்தான், ஆனால் கூடவே வரும் சாரல் காற்று உள்ளே புகுந்து அடுப்பை அணைத்துவிடும். வருஷா வருஷம் செய்கிற மாதிரி சமையலறையின் மேற்கு ஜன்னலைச் சாத்தினோம். சாத்திய மறுநாளே அது கத்த ஆரம்பித்தது.

"என்னட்டி இது, கோட்டி புடிச்ச மாதிரி கத்துது? நீ பயந்து பயந்து செஞ்சதுல்லா, அதுவும் பயப்படுது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் அவர்.

எனக்கு எரிச்சல். அடுப்படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன், வெங்காய வாடைதான் வந்தது. குனிந்து போர்டைத் தொட்டேன், விரல் சுரீர் என்றது. கோளாறு பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"சூட்டுல உளறுதுங்க. சரி பண்ணுத வரைக்கும் பிளக்கைப் பிடுங்கிப் போடுங்க" என்றேன். காய்ச்சல் உளறலைப் பார்த்தவள்தானே நான். கொரோனாவில் படுத்திருந்தபோது "ரசத்துல மணமே இல்லட்டி" என்று அவர் முனகியதையும் முதலில் உளறல் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அது ஊமையாகக் கிடந்தது, அவர் சமைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டைக் கழற்றி முன்னறை மேஜைக்குக் கொண்டுவந்தேன். சென்சாரைக் கழற்றினால் போர்டு குளிர்ந்தது, மாட்டினால் கொதித்தது. சென்சாருக்குள் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அது கரண்டை உறிஞ்சும். நானோ பழைய மோடத்தின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைக் கொடுத்திருந்தேன். அதை ஐந்தாகக் குறைக்கிற ஐ.சி., மிச்சத்தையெல்லாம் சூடாக்கித் தீர்த்துக்கொண்டிருந்தது. ஐந்து வோல்ட் போன் சார்ஜருக்கு மாற்றினேன், சூடு அடங்கியது. மேஜை மேல் கத்தவும் இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது.

சமையலறைச் சுவரில் அதைப் பொருத்தி சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு வீரிட்டது.

தொட்டுப் பார்த்தேன், போர்டு சில்லென்று இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மாட்டிய நாளிலிருந்தே அது கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். கத்தாத வரைக்கும் யார் தொட்டுப் பார்த்தோம்? சூடு புதிதில்லை. சாத்திய ஜன்னல்தான் புதிது. அது திறந்திருந்த வரைக்கும் காற்றோடு போனது, இப்போது உள்ளேயே தேங்குகிறது.

"கத்துனா கத்திட்டுப் போவட்டும். நான் காப்பி போடுதேன்" என்று அவர் லைட்டரைக் கையில் எடுத்தார். நான் பதறியதில் கையில் மிச்சமிருந்த கடைசித் திருகாணி நழுவி சிலிண்டருக்கு அடியில் உருண்டது. அதைப் பார்க்கத் தலையைத் தரையோடு தாழ்த்தினேன்.

அங்கே இருந்தது வாடை. நின்றால் துளியும் தெரியாத அந்த நெடி, தரையோரம் கெட்டியாகப் படுத்துக் கிடந்தது.

"பத்த வைக்காதீங்க!"

எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். விரல் லைட்டர் பொத்தானில் இருந்தது. சற்று முன் நானே சுவிட்சைப் போட்டது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது; அந்த ஒரு பொறியே போதுமாக இருந்திருக்கும். ஜன்னலையும் பின்கதவையும் திறந்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை இரண்டு பேருமாகக் கொல்லைக்குத் தூக்கிப் போனோம். ரப்பர் குழாய், கிளிப் இறுக்கிய இடத்தில் வெடித்திருந்தது.

சாரலில் நனைந்தபடி நின்றோம். லைட்டர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு மூக்கே நீதானட்டி. நீ உளறுதுன்னு சொன்ன, நான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டேன்."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைத்தான் சொன்னார். உள்ளே அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. போய் நிறுத்த இரண்டு பேருக்கும் கை வரவில்லை.