காலி சீட்

டிப்போவில் பஸ் கழுவும் அவளை எல்லோரும் ஃபினாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஊரார் எடுக்கும் வாந்தியையும் துப்பும் எச்சிலையும் வருஷக்கணக்காக வழித்துக் கழுவுகிறவள். வேலை முடிந்ததும் நான் கண்டக்டராகப் போகும் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவாள். கூட்டம் பிதுங்கினாலும் அவள் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே இருக்கும். தூ, நின்றுகொண்டே வருகிற இதுகளெல்லாம் மனுஷ ஜென்மங்களா!

நேற்று ஒரு வெளிநாட்டுக்காரர் ஏறினார். காலி சீட்டைப் பார்த்ததும் அக்காவின் பக்கத்தில் உட்காரப் போனார். தேள் கொட்டியதுபோல மூன்று பேர் எழுந்தார்கள்.

"ஐயோ சார், அங்க வேணாம்! இங்க உக்காருங்க!"

பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் நின்றாலும் ஜன்னலை வெறிக்கிற ஆட்கள்!

முன்சீட்டில் அமர்ந்த அவர் உருகிப்போய், தெரிந்த நாலு வார்த்தையில் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் ரொம்ப நல்லவங்க."

நான் டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.

இறங்கும்போது அக்கா என் காதோரம் சிரித்தாள்.

"பாவம் தம்பி அந்த மனுஷன். காலைல நான் வாந்தி வழிச்சது அவர் உக்காந்திருக்கிற சீட்லதான். இந்த பஸ்லயே சுத்தமான சீட்டு என் பக்கத்து சீட்டுதான். அதுலதான் யாரும் உக்கார்றதே இல்லையே."