ஓடைமேடும் என் சைக்கிள் மட்கார்டும்

சீயக்காயும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை...

கேரியரில் உட்கார்ந்து, கூடப் படித்த செல்வியின் முதுகைப் பார்த்துக்கொண்டே வருவேன். அந்த வாசனை மூக்கில் ஏறினால் ஓடைமேடு வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டிக்கு சைக்கிளில் போனவர்களுக்கு அந்த மேட்டை நினைத்தாலே முழங்கால் வலிக்கும். அப்போது அது வெறும் மண்பாதை. ஓடையில் இறங்கும்போதே வேகம் பிடிக்க வேண்டும். பாதி மேடு வரை அந்த வேகம் தள்ளும். மீதிக்கு சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டும். காலை ஊன்றிவிட்டால், மற்ற எல்லாருடைய புத்தகப் பையையும் பள்ளிக்கூடம் வரை சுமக்க வேண்டும். இது பெண்பிள்ளைகள் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.

செல்வி ஒருநாளும் காலை ஊன்றியதில்லை. அதுவும் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு!

பிளஸ் ஒன்னில் அவளுக்கும் இலவச சைக்கிள் கிடைத்தது. அதை அவள் அண்ணன் மில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதனால் சைக்கிள் என்னுடையது, மிதிக்கிற கால் அவளுடையது.

என் சைக்கிளின் பின் மட்கார்டில் மஞ்சள் பெயிண்டில் 'மகேஸ்வரி' என்று எழுதி வாங்கியிருந்தேன். பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. எங்கள் வீட்டில் என் பெயர் போட்ட பொருள் அது ஒன்றுதான். எவர்சில்வர் பாத்திரத்தில்கூட அப்பா பெயர்தான் இருந்தது.

கரிசல்காட்டில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஐப்பசி பிறந்தால் மட்கார்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். நனைந்த கரிசல் மண் டயரோடு ஒட்டி ஏறி, மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சக்கரம் உருளாது.

செல்வியின் அண்ணன் ஸ்பேனரோடு வீட்டுக்கே வந்தான்.

"மட்கார்டக் கழட்டிருவமா மகேசு? மழ வரப்போவுது."

"நட்டு துருப்பிடிச்சுக் கெடக்குண்ணே. கடையில குடுத்துக் கழட்டிக்கிடுதேன்."

எங்களுக்குக் கொடுக்கும் முன்னால் அந்த சைக்கிள்களெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் நனைந்து கிடந்தவை. அவன் நம்பிவிட்டான். செல்வியும் நம்பினாள்.

அந்த ஐப்பசியில்தான் கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொடுக்கப் பெண்பிள்ளைகளை எடுத்தார்கள். பத்தாவது பாஸாகியிருந்தால் போதும். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. செல்வியின் அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், "எடுத்தா அங்கன போ. இல்லன்னா படிச்சது போதும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போ."

காலை ஒன்பதரைக்குள் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் ராத்திரி மழை கொட்டியது. காலையில் டவுன் பஸ் வரவில்லை. அவள் அண்ணன் நைட் ஷிப்டுக்கு சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. என் சைக்கிள்தான் இருந்தது.

ஓடை தாண்டி இருபது அடிகூட ஏறவில்லை, சக்கரம் நின்றுவிட்டது. செல்வி எழுந்து நின்று மிதித்தாள். பெடல் அசையவில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவள் காலை ஊன்றினாள்...

குச்சியை எடுத்து மண்ணைத் தோண்டினோம். பத்தடி தள்ளினால் மறுபடியும் அடைத்துக்கொண்டது. மறுபடியும் தோண்டினோம்.

"சைக்கிள இங்கனயே போட்டுட்டு ஓடிருவமாட்டி?" என்று கேட்டாள்.

"புது சைக்கிளுட்டி! எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

முன்சக்கரத்தை அவள் தூக்க, பின்சக்கரத்தை நான் தூக்க, அந்த மேடு முழுக்க சைக்கிளைச் சுமந்தோம். என் பெயரும் ரோஜாப்பூவும் சேற்றுக்குள் மூடிப்போயிருந்தன.

நாங்கள் போனபோது மணி பத்தேமுக்கால். பெயர் எழுதி முடித்துவிட்டார்கள். அங்கிருந்த அம்மா செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "தரையெல்லாம் சேறாகுது, வெளிய நில்லும்மா" என்றார். செல்வி வெளியே போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள்.

அவள் வேலைக்குப் போன மறுநாள் காலையில் அப்பாவின் ஸ்பேனரை எடுத்துவந்து நானே மட்கார்டைக் கழற்றினேன். ஒரு திருகுதான். மீதி, கையாலேயே சுழன்று வந்தது. சனியனே என்று அதைத் தூக்கிப் பரணில் எறிந்துவிட்டு அழுதேன். அந்த அழுகையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

போன மாதம் ஊர்க் கோயில் கொடைக்குக் காரில் போனோம். இப்போது ரோடு போட்டு, மேட்டையும் வெட்டித் தணித்துவிட்டார்கள். "ஓடைமேடு இதுதான்" என்றேன். "எந்த மேடும்மா?" என்று மகள் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாப்பில் செல்வி நின்றாள். தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக. இத்தனை வருஷம் கழித்தும் அதே வேலை. விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்த நட்டு மட்டும் துருப்பிடிக்காம இருந்திருந்தா, நானும் வெள்ளச் சேல கட்டிருப்பேன்லாட்டி? என்ன செய்ய, என் நேரம். நீயும் பாவம், சேத்துல கூடவே சொமந்த."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வேன் வந்துவிட்டது. உண்மையில் வேன் வந்ததே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அவளிடம் இப்போது போன் இருக்கிறது. நான் இதை எழுதிப் போடுகிற இந்த குரூப்பிலும் இருக்கிறாள் என்று நேற்றுதான் பார்த்தேன்.

செல்வி... அந்த நட்டில் துரு இல்லை.