முதலாளிக்கு மட்டும் பருத்தி

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீஸில் ஆர்டர் எழுதும் வேலை பார்த்தேன். பெண்களுக்கு ஊதா நிற பாலியஸ்டர் சேலைதான் யூனிபார்ம். கட்டாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் சனியன். தாலுகா ஆபீஸில் இருக்கும் என் அக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ணியமாக உடுத்தி வாருங்கள் என்று ஒரு சுற்றறிக்கை, அதோடு சரி. அவள் பருத்திச் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன சீசனில் ஆள் பற்றாக்குறை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கும் பாக்டரிக்கு, பாக்கிங் வேலைக்கென்று என்னையும் பக்கத்து மேஜைக்காரியையும் யூனிபார்மோடு வேனில் ஏற்றிவிட்டார்கள். கேட்டில் போர்மேன் மறித்தார். பருத்தி தவிர எதையும் உள்ளே விடக்கூடாது, அரசாங்க விதி என்றார். பாலியஸ்டர் உரசினால் பொறி பறக்கும், பட்டாசு மருந்துக்கு அது போதும். எங்களுக்கு மட்டும் தெரியாதா? இந்தப் பக்கம் தீக்காயம் பார்க்காத தெரு எது?

மேனேஜருக்குப் போன் போட்டோம். சரக்கு வாங்கும் வெளியூர்ப் பார்ட்டி பாக்டரியைப் பார்க்க வருகிறதாம், யூனிபார்மில்தான் நிற்க வேண்டுமாம். சேலைக்கு மேல் ஒரு பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டால் விதிக்கு விதியும் ஆச்சு என்றார். இடுப்புக்குக் கீழே சேலை உரசாது போலிருக்கிறது.

சட்டை எடுக்கக் காவலாளி அறைக்குப் போனோம். ஆணியில் அழுக்குச் சட்டைகள் தொங்கின. பக்கத்துக் கண்ணாடி பீரோவில் இஸ்திரி போட்ட பருத்தி வேட்டியும் சட்டையும் இருந்தன. யாருக்கு என்று கேட்டேன்.

“மொதலாளிக்கும்மா. அவுக முழுசா மாத்திக்கிட்டுத்தான் உள்ள போவாக” என்றார் காவலாளி.

தெரியாமல் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உள்ளே போக மாட்டேன் என்று மேனேஜரிடமே போனில் சொன்னேன். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

பக்கத்து மேஜைக்காரிக்குக் காலேஜில் படிக்கும் மகள் இருக்கிறாள், வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. “நீ கெளம்பு தாயி. எனக்கு வேற போக்கில்ல” என்று சட்டையை மாட்டிக்கொண்டாள். போர்மேன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

எனக்கு வேன் ஏறக் கால் வரவில்லை. கேட்டுக்கு எதிரே வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருந்தேன். லாரிக் கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது.

சாயங்காலம் அவள் வந்தாள். அந்த ஊதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பார்ட்டி வரவே இல்லை என்றாள்.