காவல்கார பாய் குறித்துக்கொண்ட சொல்

லகாட் ஊருக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் காவல் இருந்தவர் உருதுக்காரர். நரைத்த தாடி, காக்கித் தலைப்பாகை. காதில் விழும் ஆங்கிலச் சொற்களை உருதுவில் பொருளோடு நோட்டில் குறித்துக்கொள்வார். ஊரில் மனைவி சாகக் கிடந்தபோது விடுப்புக் கேட்டார். துரை மறுத்துவிட்டார். அந்த மறுப்புக் கடிதத்தை டைப் அடித்தவனும் அவருக்கு வாசித்துக் காட்டியவனும் ஆபீஸ் கிராணியான நான்தான்.

“இந்த ‘ரிக்ரெட்’னா என்னா, கிராணியாரே?”

“வருத்தம், பாய்.”

“அஃப்சோஸ்!” அவர் கண் கலங்கியது. “அவ்ளோ பெரிய துரைக்கு எனக்காக அஃப்சோஸா?”

எல்லா மறுப்புக் கடிதத்திலும் அது வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு என் குழந்தை இறந்தபோது வாசலில் வந்து நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரிக்ரெட், கிராணியாரே” என்றார்.

முந்தைய ஆண்டு அவர் மனைவி இறந்த தகவல் வந்த அன்று, நான் அவர் பக்கம் போகவே இல்லை.