அம்மா எழுதச் சொன்னது

எங்கள் வீட்டில் அரசாங்கத்தோடு பேசும் அதிகாரம் பத்து வயதிலேயே என் கைக்கு வந்துவிட்டது. கொழும்புக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடிப் பழகிய பாஷை, வீட்டில் வேறு யாருக்கும் அது சரியாக வராது. கரண்ட் பில்லில் பிழையா, தபால்காரர் ஏதும் கேட்கிறாரா, கூப்பிடு மகளை. எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா கிழக்குக் கரையில் வாகரைப் பக்கத்து ஆதிக்குடிகளான வேடர் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்த நாள் முதல் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், போட்டவர் அப்பா. ஒரு நாள் மாமா அம்மாவின் ஊரிலிருந்து போன் எடுத்து, தங்கள் ஆட்கள் இப்போது சொந்தப் பெயரிலேயே சங்கம் வைத்துக் கூட்டம் கூடுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அம்மாவின் முகமே வேறாக இருந்தது.

அந்த மாதமே, வீடு வீடாக ஆட்களைக் கணக்கெடுக்கும் குடிசன மதிப்பீட்டுக்கு ஒரு சிங்கள மிஸ் வந்தார். அப்பா துறைமுகத்தில் வேலையில் இருந்தார். அம்மா நல்ல சேலை உடுத்தி, மிஸ்ஸுக்கு நல்ல கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார். விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பெயர், வயது எல்லாம் முடிந்து இனம் என்ற இடம் வந்தது. அப்பாவுக்கும் எனக்கும் தமிழ் என்று சொல்லிவிட்டேன். ஊர் வழக்கப்படி என்னை எப்போதும் மனே என்றே அழைக்கும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு வேடர் எண்டு எழுதச் சொல்லு மனே. வடிவா எழுதட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாடப் புத்தகத்தில் வேடர் என்றால் இலை கட்டி வில் பிடித்து நிற்கும் ஒரு படம். வாசலில் என் கிரிக்கெட் கூட்டாளிகள் இருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மத் தெமள, மிஸ்," என்றேன். அம்மாவும் தமிழ்தான் என்று. மிஸ் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

"எழுதினாவா மனே?"

"ஓம் அம்மா."

அம்மா என் தலையைத் தடவி, "நல்லாத்தான் சிங்களம் கதைக்கிறாய்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். மாலையில் அப்பா வந்ததும் அந்தப் பாராட்டை அவரிடம் ஒப்பித்துப் பெருமையடித்தேன்.

தெமள என்ற அந்த ஒரு சொல், யுத்த காலத்தில் கொழும்புச் செக் பொயின்டில் ஆமிக்காரர் அதைச் சொல்லிக் கேட்க ஒரு தடவையாவது நின்ற எந்தத் தமிழ்க்காரிக்கும் தெரியும். அம்மா எத்தனையோ தடவை நின்றவர். அடுத்த மதிப்பீட்டுக்கு ஆள் வந்து கதவைத் தட்டியபோதுதான் அது எனக்கு உறைத்தது. அம்மா போய் அப்போது இரண்டு வருடம்.