குடிக்காமல் தள்ளாடிய வருஷங்கள்

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தேன். கையில் வைத்துப் பார்த்தால் எது முற்றல், எது பிஞ்சு என்று உடனே சொல்லிவிடுவேன். ஆனால் காலடியில் கிடக்கும் மூட்டை தெரியாது. தடுக்கி விழுவேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வேன். பக்கத்தில் நின்று கூப்பிடும் சொந்தக்காரரைப் பார்க்காமலே போய்விடுவேன். வயது நாற்பதைத் தாண்டியதும் இப்படித் தடுமாற்றமா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சிலமலையில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மானம் சந்தி சிரித்தது. உட்கார இடம் தேடிப் போனவன், ஒரு பெரியவரின் இலையில், சோற்றின் மேலேயே காலை வைத்துவிட்டேன்.

"மச்சான் காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு" என்றான் என் மனைவியின் தம்பி.

பந்தியே சிரித்தது. நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. இருந்தும் சேர்ந்து சிரித்தேன். கோளாறு கண்ணில்தான் என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. கண் சரியில்லாதவனைத் தரம் பிரிக்க எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? குடிகாரனை வைத்துக்கொள்வார். அந்தப் பேரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை தெரிந்த என் மனைவி அன்று தலை நிமிரவே இல்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். என் மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் எதிரே உட்கார்ந்து, என் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் மூக்கையே பார்க்கச் சொன்னார். விரலை ஓரத்திலிருந்து ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். நான் சொன்னபோது அந்த விரல் அவர் முகத்தருகே வந்திருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, கிளாக்கோமா என்று பெயர், போன பார்வை வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்.

"எனக்கு மட்டும் ஏன் சார்?"

"உங்களுக்கு மட்டுமா? நாடு முழுக்க, ஊருக்கு ஊர் இருக்கு. எத்தனை பேருன்னு யாருக்கும் சரியாத் தெரியலை. வலிக்காது, அதனால நிறையப் பேருக்கு இருக்கிறதே தெரியாது. தெரிஞ்சவங்க மறைச்சிடுறாங்க. அப்புறம் எப்படி எண்ணுறது? கூடப் பிறந்தவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இருக்கலாம்."

எனக்கு ஒரு தம்பி. தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு குரங்கணி ரோட்டில் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முகாமிலிருந்து நேரே ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மொதல்ல குடிக்கிறதை விடுண்ணே. கண்ணு தன்னால தெரியும். எனக்குச் சோலி கெடக்கு."

"நான் குடிச்சதே இல்லடா."

"எல்லாக் குடிகாரனும் இதைத்தான் சொல்றான்."

மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். பந்தியில் நான் சேர்ந்து சிரித்ததற்கு இது வேண்டியதுதான். அத்தனை பேர் முன்னாலும் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவைடா. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு என் மூக்கைப் பாரு. வெரலு தெரிஞ்சதும் சொல்லு."

என் வாயை அடைப்பதற்காக ஒத்துக்கொண்டு எதிரே நின்றான். விரலை ஓரத்திலிருந்து ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தேன். காதைத் தாண்டி அவன் கன்னத்துக்கு நேரே வந்துவிட்டது. தெரியுது என்று அவன் சொல்லவே இல்லை. டிரைவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"வெரசா வெரலை நீட்டுண்ணே" என்றான் தம்பி. "எம்புட்டு நேரம் உன் மூக்கையே பாத்துக்கிட்டு நிக்கிறது?"